மூன்று அறைக்கு இரண்டு பேர்

சூரிச்,
ஜூன் 8, ஞாயிறு

அன்பு மகள் செரைனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை ஃபால்க்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் லைப்சிக்கில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்தான். மாடிப்படி ஏறும்போது முழங்கால் மட்டும் ஏதோ முணுமுணுக்கிறது. அதோடு சண்டை போட்டுக்கொண்டே ஏறிவிடுகிறேன்.

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய். வாரத்தில் மூன்று நாள் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று தோன்றும். போனில் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று தடவை உன் நம்பரைப் போட்டு, மூன்று தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். உன் குரல் கேட்டால் எனக்கு வாய் வரவில்லை. காகிதம் என்றால் திருப்பிக் கேள்வி கேட்காது.

முதலில் ஊர்ச் செய்தி. ஏரிக்கரைக் கடையில் ஒரு காப்பி ஆறு ஃப்ராங்க் ஆகிவிட்டது. நான் அங்கே குடிப்பதை விட்டு ஒரு வருடம் ஆகிறது. வெளியே விலைப் பலகையை வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து குடிக்கிறேன். மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள் வருடம் தவறாமல் இலையுதிர் காலத்தில் ஒரு கடிதம் போடுகிறார்கள்; மரியாதையாக எழுதியிருப்பார்கள், கடைசி வரியில் கட்டணத்தை ஏற்றிக் கழுத்தை அறுத்திருப்பார்கள். அவ்வளவு கட்டியும் பல் அதில் வராது. இடது பக்கம் இரண்டு பல் போய்விட்டது. பாலம் கட்ட டாக்டர் சொன்ன தொகையில் நீ லைப்சிக்கில் நாலு மாதம் வாடகை கொடுக்கலாம். அதனால்தான் வீடியோவில் நான் வாயை மூடிக்கொண்டே சிரிக்கிறேன். "ஏம்ப்பா எப்பப் பாத்தாலும் உம்முனே இருக்கீங்க?" என்று கேட்டாயே. கோபமெல்லாம் இல்லை மகளே. பல் இல்லை.

சனிக்கிழமைகளில் ரயிலேறி எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனிக்குப் போய் இறைச்சியும் வெண்ணெயும் சோப்பும் வாங்கி வருகிறேன். முப்பத்தைந்து வருடம் இந்த ஊரில் டிராம் ஓட்டியவன் நான். அப்போதெல்லாம் அந்த ஊர்க் கடைப் பைகளோடு ஏறுகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்து, "சம்பளம் மட்டும் நம்ம ஊர்ல வேணும், சாமான் அடுத்த ஊர்ல வாங்கணும்" என்று உன் அம்மாவிடம் வந்து திட்டுவேன். இப்போது அதே பைகளோடு பின் வாசலில் ஏறி, ஓட்டுகிறவன் பழைய சகாவாக இருந்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்து உட்காருகிறேன்.

இதெல்லாம் சுற்றி வளைப்பு. எனக்கே தெரிகிறது.

போன வியாழக்கிழமை நீ போன் செய்தாய். ஃபால்க்குக்கு இங்கே ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததும், நம் குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் மூன்று அறை வீட்டுக்கு மனுப் போட்டிருந்தாய். அக்டோபரில் பிள்ளை பிறப்பதற்குள் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று அவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். சங்கத்திலிருந்து வந்த பதிலைப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தாய். "அப்பா, கேளுங்களேன் இந்தக் கூத்தை! நான் ஏற்கெனவே உங்க வீட்டுலதான் குடியிருக்கேனாம். ஏற்கெனவே வீடு இருக்கறவங்க புது மனு போட முடியாதாம். கம்ப்யூட்டர்ல ஏதோ குழப்பம் போல. மாசக் கடைசிக்குள்ள சரிபண்ணலேன்னா மனு தள்ளுபடியாம். நீங்க ஒரு தடவை ஆபீசுக்குப் போய்ச் சொல்லிடுங்கப்பா. உங்களுக்குத்தான் அங்க மரியாதை." இப்படிச் சொன்னாய்.

நான், "ஆமாம்மா, கம்ப்யூட்டர்னாலே அப்படித்தான். நான் போய்ப் பாக்கறேன்" என்றேன்.

செரைனா, கம்ப்யூட்டரில் ஒரு குழப்பமும் இல்லை. நீ இந்த வீட்டில் என்னோடு வசிக்கிறாய் என்று எழுதிக் கொடுத்தவன் நான். உன் பெயருக்கு நேரே உன் கையெழுத்தைப் போட்டவனும் நான்.

எழுதிவிட்டேன். எழுதிவிட்டு எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றேன். இப்போது மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

சங்கத்தின் சட்டம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மூன்று அறை வீட்டில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் சின்ன வீட்டுக்கு மாற வேண்டும். உன் அம்மா மார்கிரித் போனதும் இரண்டு வருடம் அவகாசம் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் நடத்தினார்கள். பிறகு இரண்டு அறை வீடு ஒன்றைக் காட்டினார்கள். புதுக் கட்டடம், லிஃப்ட், பளபளவென்று சமையலறை. வாடகை, இந்தப் பழைய மூன்று அறையைவிட ஐந்நூறு ஃப்ராங்க் கூட. சின்ன வீட்டுக்குப் போகப் பெரிய வாடகை! என் ஓய்வூதியத்தில் காப்பீட்டையும் அந்த வாடகையையும் கழித்தால் மிச்சத்தில் பூனை கூடப் பிழைக்காது. வேண்டாம் என்றேன். இரண்டாவதாகக் காட்டியதும் புதுசுதான், இன்னும் கொஞ்சம் கூட. அதையும் வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை மறுத்தால் வெளியே. வெளியே என்றால், இந்த ஊரில் வெளியார் வாடகை என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ ஊரை விட்டுப் போனதே அதனால்தான்.

ஓய்வூதியம் போதாதவர்களுக்கு நகராட்சி மேற்கொண்டு கொடுக்கிறது. சட்டப்படி கிடைக்க வேண்டியது, தானம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு நாள் அந்த அலுவலகத்துக்குப் போனேன். சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தேன். என் டிராமில் வருடக்கணக்காக ஏறிய ஒரு அம்மாள் உள்ளே வந்து, "அட, டிரைவர் சார், நீங்க எங்க இங்க?" என்றாள். யாருக்காகவோ விசாரிக்க வந்தேன் என்று சொல்லிவிட்டுச் சீட்டைச் சட்டைப்பைக்குள் கசக்கி வைத்து வெளியே வந்துவிட்டேன். கையேந்த வெட்கப்பட்டவன் கையெழுத்தைத் திருட வெட்கப்படவில்லை பார்.

அந்த வாரம்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வரும் படிவம் வந்தது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு. என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே வெறும் கோடு. உன் பெயரை எழுதினேன். இரண்டு வருடம்தானே, அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். நீ போட்ட கிறிஸ்துமஸ் அட்டையைப் பக்கத்தில் வைத்து, 'அன்பு முத்தங்களுடன் செரைனா' என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து பெயரைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை. சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளில் பத்துப் பதினைந்து தடவை பழகினேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். நம் சலவை அறை நடப்பு உனக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு நாள்; எனக்குச் செவ்வாய்க்கிழமை. அடித்தளத்தில் மெஷின் போட்டு, பக்கத்து அறைக் கொடியில் காயப்போட்டால் மொத்தக் கட்டடமும் பார்த்துக்கொண்டு போகும். இந்த ஊரில் ஒருவன் எப்படி வாழ்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்து யாரும் தெரிந்துகொள்வதில்லை, கொடியைப் பார்த்துத்தான். என் கொடியில் இரண்டு சட்டை, ஒரு துண்டு, நாலு ஜோடிக் காலுறை. மகளோடு குடியிருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவனின் கொடி அது.

அதனால் அம்மாவின் அலமாரியைத் திறந்தேன்.

கோபித்துக்கொள்ளாமல் படி. நீலப் பூப்போட்ட நைட்டியையும் இரண்டு மேல்சட்டையையும் எடுத்து என் துணியோடு போட்டுத் துவைத்துக் காயப்போட்டேன். மறு செவ்வாயும் அதேதான். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு செவ்வாயும். மூன்று வருடம் அந்த அலமாரியைத் திறந்தால் அவள் வாசனை இருந்தது. வெளியே எடுத்த துணியில் முதல் தடவை துவைத்ததுமே அது போய்விட்டது. சோப்பு வாசனைதான் வருகிறது இப்போது. அதற்காகவே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது எனக்கு.

கீழ்வீட்டு லூர்தெஸ் இருக்கிறாளே, போர்ச்சுகல்காரி, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவள், அவள் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு அறையில் அவளும் புருஷனும் இரட்டைப் பெண்குழந்தைகளும். போன பிப்ரவரியில் ஒரு நாள் கொடி அறையில் என் பக்கத்தில் வந்து நின்று அந்த நைட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏன் சார், உங்க பொண்ணுக்கு முப்பத்தேழு வயசுன்னு சொன்னீங்க. இது எங்க அம்மா போடற மாதிரில்ல இருக்கு?" என்றாள். நான் என்னவோ உளறினேன். "விடுங்க சார். படியில ஒரு நாள் கூட உங்க பொண்ணு செருப்புச் சத்தம் கேக்கல. ஆனா நைட்டி மட்டும் வாராவாரம் காயுது. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்கறீங்க. நான் வாய தெறக்க மாட்டேன். என் வேலைய பாக்கவே எனக்கு நேரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது: இந்தக் கட்டடத்தில் மூன்று அறை காலியானால் அடுத்த முறை அவர்களுக்குத்தான். பட்டியலில் முதல் பெயர். அவள் புருஷன் இரண்டு வருடமாக சோபாவில் படுக்கிறான். எனக்கு அது தெரிந்த பிறகும் செவ்வாய்க்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. நானும் காயப்போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உன் அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருத்தன். அப்போது எனக்கு நாற்பது வயது. பொதுக்குழுவில் எழுந்து நின்று, தனி ஆள் மூன்று அறையில் கால் நீட்டிப் படுக்க, பிள்ளைகுட்டிக்காரன் இரண்டு அறையில் நெருக்கியடிப்பதா என்று பேசினேன். கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் வறுத்த சாசேஜும் உருளைக்கிழங்கு சாலடும் சாப்பிட்டோம். சட்டம் வந்த அடுத்த மாதம், இந்தப் படிக்கட்டுக்குப் பொறுப்பாளன் என்ற முறையில், லீனர்ட் அம்மாள் என்ற விதவையின் கதவைத் தட்டியதும் நான்தான். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். "வெர்னர் தம்பி, எம் புருஷன் செத்தது அந்த ரூம்லதான். ஒரு வருஷம் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டாள். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. வெளிய குழந்தைங்களோட குடும்பங்க காத்துட்டிருக்கு" என்று சொன்னேன். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னேன்.

அந்தக் குடும்பம் நாம்தான். அந்த வீடு இந்த வீடு. உனக்கு அப்போது ஆறு வயது. தனி அறை கிடைத்தது என்று குதித்தாய். அம்மா ஒரு மாதம் ஜன்னலுக்குத் திரை போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தம்மா ஞாபகம் வருது" என்றாள். நான் சிரித்தேன்.

ஊருக்கு உபதேசம் செய்தவன் கதை இது. இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கேட்கவே கூசுகிறது. நீ போன வருடம் இங்கே வந்து என்னோடு இருந்தாய், இந்த மே மாதம் லைப்சிக் கிளம்பிப் போய்விட்டாய் என்று சங்கத்துக்கு ஒரு வரி எழுதினால், உன் மனுவும் நிற்கும், என் பழைய படிவமும் பொய்யாகாது. எனக்கும் இடம் தேடச் சில மாதம் கிடைக்கும். யோசித்துப் பார். முடியாது என்றால் முடியாது என்று சொல். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள். வயிற்றுப் பிள்ளைக்கு என் ஆசி. ஃபால்க்கிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே.

வெட்கத்தோடு,
உன் அப்பா
வெர்னர் ஸோலிங்கர்


சூரிச்,
ஜூன் 26, வியாழன்

அன்பு மகள் செரைனாவுக்கு,

என் முதல் கடிதம் கிடைத்த அன்று நீ போன் செய்தாய். நீ கத்துவாய் என்று தயாராக இருந்தேன். நாற்காலியைச் சுவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கத்தவில்லை. "அப்பா, அம்மா நைட்டிய எறக்கிடுங்க" என்றாய். அவ்வளவுதான். வைத்துவிட்டாய்.

இறக்கிவிட்டேன். அன்று செவ்வாய்க்கிழமை. பாதி ஈரமாக இருந்தது. மடித்து மேலே கொண்டுவந்து அம்மாவின் கட்டிலில் விரித்து வைத்தேன்.

நான் கேட்ட அந்த ஒரு வரியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. எழுதுகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. இரண்டு நாள் காத்திருந்தேன். பிறகு மெதுவாக உறைத்தது. உன் கையெழுத்தை ஒரு தடவை நான் திருடினேன். அடுத்ததை உன் கையாலேயே போட்டுக் கொடு என்று கேட்டிருக்கிறேன். பிள்ளையைச் சுமக்கிறவளிடம். எந்த அப்பன் கேட்பான்? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நான் அதைக் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள முடியுமானால் வைத்துக்கொள்.

திங்கட்கிழமை சங்க ஆபீசுக்குப் போனேன். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன், வெயில் நாளில். அங்கே இப்போது ஒரு இளம்பெண் இருக்கிறாள், உன்னைவிடச் சின்னவள். என் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று, "நீங்கதானா சார் அது? பழைய பொதுக்குழுக் குறிப்பெல்லாம் படிச்சிருக்கேன். சங்கத்துக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்க!" என்றாள். எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. உட்காராமலே சொல்லி முடித்தேன். என் மகள் ஒரு நாளும் அங்கே குடியிருக்கவில்லை, படிவத்தில் இருப்பது அவள் கையெழுத்தும் இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது, அவள் மனுவை இதனால் தள்ளாதீர்கள் என்றேன்.

அந்தப் பெண் பேனாவை மூடினாள். "முன்னாடியே வந்திருந்தா ஏதாவது வழி பாத்திருப்போமே சார். வாடகை கட்ட முடியாதவங்களுக்குன்னு சங்கத்துல ஒரு நிதியே இருக்கு. நீங்க கமிட்டியில இருந்தப்பதான் ஆரம்பிச்சது" என்றாள். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. அந்த நிதிக்கு நானும் கை தூக்கி ஓட்டுப் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. யாரோ இல்லாதப்பட்டவர்களுக்கு என்று நினைத்து ஓட்டுப் போட்டேன். அந்த யாரோவில் நான் வருவேன் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

முடிவு இது. செப்டம்பர் கடைசிக்குள் நான் காலி செய்ய வேண்டும். பொய்ப் படிவம் கொடுத்ததால் சங்கத்தில் என் பெயரில் வேறு வீடு கிடையாது. நியாயம்தான். உன் பெயரை என் வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். உன் மனு புது மனுவாகச் செல்லும். கையெழுத்து விஷயமாக நீ புகார் கொடுக்கிறாயா என்று கேட்டு உனக்குக் கடிதம் வரும். வந்தால் உன் மனசுக்குச் சரி என்று பட்டதைச் செய். என்னைப் பார்க்காதே.

வீடு லூர்தெஸ் குடும்பத்துக்குப் போகிறது. நானே போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துப் போனேன். கதவைத் திறந்து முழுவதையும் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "இதத்தான் பிப்ரவரியில எதிர்பாத்தேன். நான் வாய மூடிட்டிருந்தது நீங்களா மனசு மாறுவீங்கன்னுதான். அஞ்சு மாசம் சார்! எம் புருஷன் முதுகு வளைஞ்சு போச்சு. நீங்க நைட்டிய காயப்போட்டுக்கிட்டு இருந்தீங்க!" என்று பிடித்துக்கொண்டாள். படிக்கட்டு முழுக்கக் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டி முடித்துவிட்டு, "எங்க போவீங்க இப்ப?" என்றாள். தெரியவில்லை என்றேன். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் காட் மீன் போட்ட சோறு கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். சூடாக இருந்தது. படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

எங்கே போவேன் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என்னோடு டிராம் ஓட்டிய ஹாய்ன்ஸுக்கு கிளாரூஸ் பள்ளத்தாக்கில் ஒரு வீடு இருக்கிறது. மேல்மாடியில் ஒரு அறை தருகிறேன் என்கிறான். வாடகை கட்டுப்படியாகும். பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் மலை வெயிலை மறைத்துவிடும், மற்றபடி ஒரு குறையும் இல்லை. நகராட்சி அலுவலகத்துக்கும் நேற்றுப் போய்விட்டேன். சீட்டு எண் வரும் வரை உட்கார்ந்திருந்தேன். அந்த டிராம் அம்மாளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்காகத்தான் வந்தேன் என்று சொல்லியிருப்பேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நேற்றுச் சாயங்காலம் மறுபடி போன் செய்தாய். வேறு எதுவும் பேசாமல், "புது மனுவுல எத்தனை பேருன்னு கேட்டிருக்காங்கப்பா. மூணுன்னு போடவா, நாலுன்னு போடவா?" என்றாய். நான் என்ன செய்தேன்? இருமினேன். இங்கே மழை வரும் போல இருக்கிறது என்றேன். நீ, "சரிப்பா" என்று வைத்துவிட்டாய்.

மூன்று என்று போடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ, ஃபால்க், பிள்ளை. கணக்குச் சரியாக இருக்கிறது. கிளாரூஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவேன்.

நாலு என்று போடுவதானால், செரைனா, நாலு அறை கிடைக்கும் என்பதற்காகப் போடாதே. அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்றும் போடாதே. அந்த நாலாவது ஆள் காலையில் உன் சமையலறையில் உட்கார்ந்திருப்பான். இருமுவான். வாஷ்பேசினில் சவரம் செய்த மயிரைக் கழுவாமல் விட்டுவிடுவான், அம்மா நாற்பது வருடம் சொல்லியும் திருந்தவில்லை. ஃபால்க் எந்த ரொட்டி வாங்கினாலும் விலை என்ன என்று கேட்பான். பிள்ளை அழுதால் என்னிடம் கொடு என்று கை நீட்டுவான். இதெல்லாம் உனக்கும் ஃபால்க்குக்கும் சம்மதம் என்றால் மட்டும் போடு. இந்தக் கடிதத்தை ஃபால்க்கிடம் காட்டு. முதல் கடிதத்தையும் காட்டு. இல்லாத ஆளை இருக்கிறதாக எழுதுகிற பழக்கம் நம் வீட்டில் என்னோடு போகட்டும்.

நீ எந்த எண்ணை எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். அது பொய். மூன்று என்று எழுதினால் வருத்தமாகத்தான் இருக்கும். இருந்தாலும் உனக்கு மூன்றுதான் உண்மை என்றால் மூன்று என்றே எழுது மகளே.

தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து வர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன்னைப் பெற்றவன்,
வெர்னர்